கோழித்தூக்கம்

வேலை கொடுத்தால் ஓடுகிறது,
சும்மா விட்டால் செத்துப்போகிறது.
ஹல்பெரா போனில் சொன்னது இவ்வளவுதான்.
இந்த ஊரில் பாதிப்பேர் அப்படித்தானே என்றேன்.
சிரிக்கவில்லை அவள்.

ஈசாஃபியோர்துர் துறைமுகம். மீன் ஏல அலுவலகம்.
ஜன்னலுக்கு வெளியே மலை,
மலைக்குப் பின்னால் எங்கேயோ
நவம்பரில் போன சூரியன்.
படகு வந்தால்
காட் இத்தனை பெட்டி, ஹாடக் இத்தனை பெட்டி என்று
எண்களை விழுங்கித் தள்ளும் கணினி
படகு வராத நேரத்தில் உறைந்துவிடுகிறது.
விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது.
அம்புக்குறி அசைவதில்லை.
திரையின் மூலையில் கடிகாரம்
கடைசி நிமிடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

ஏலச்சீட்டின் பின்பக்கம் குறித்து வைத்திருந்தாள்:
செவ்வாய் 2:41. புதன் 4:05.
வியாழன் சாகவில்லை
(பனிப்புயல், யாரும் வீட்டுக்குப் போக முடியவில்லை,
விடியவிடிய அதில் சீட்டாடினார்கள்).
வெள்ளி 1:12.

பெட்டியைத் திறந்தேன்.
தூசிக்குள் மீன்செதில்கள்,
வெட்டிப்போட்ட நகங்கள் மாதிரி.
ஊதித் தள்ளினேன். மறுநாளும் செத்தது.
நினைவகத்தை இரவு முழுக்கச் சோதித்தேன்.
எட்டுச் சுற்று, பிழை பூஜ்யம்.
இருக்காதே பின்னே,
சோதனையும் அதற்கு ஒரு வேலைதானே.
பதிவேட்டைப் புரட்டினேன்.
2:40க்கு ஒரு சாதாரண வரி.
அடுத்த வரி காலை ஏழுக்கு, எழுந்துவிட்டேன் என்று.
நடுவில் நடந்ததை எழுத
ஆள் இல்லை.

அப்புறம் காவல் இருந்தேன்.
தொடக்கூடாத காவல்.
தொட்டால் விழித்துக்கொள்ளும்,
விழித்துக்கொண்டால் நோய் தெரியாது.
கையைக் கட்டினேன், காலை ஆட்டினேன்,
சுவரில் தொங்கிய படகுகளின் பெயரையெல்லாம்
தலைகீழாகப் படித்தேன்.
சும்மா இருப்பது
எனக்கும் வராது என்பது
பன்னிரண்டாவது நிமிடம் தெரிந்தது.
பதின்மூன்றில் மவுஸை லேசாகத் தட்டினேன்,
தூங்குகிறாயா என்று கேட்கிற மாதிரி.
இல்லை என்றது அம்புக்குறி.
முதலிலிருந்து எண்ண வேண்டும்.

திங்கட்கிழமை போனால்
மவுஸ் உட்கார்ந்திருக்கிறது
ஹல்பெராவின் கைக்கடிகாரத்தின் மேல்.
அடியில் நொடிமுள் ஓட ஓட
திரையில் அம்புக்குறிக்கு ஒரு சிலிர்ப்பு.
சனிக்கிழமையிலிருந்து சாகவில்லை என்றாள்.
மணி பார்க்க?
அதான் திரையில் இருக்கிறதே.

அவளிடம் சொல்லவில்லை,
நோயைக் கண்டுபிடித்தது அந்தக் கடிகாரம்தான்.
வேலை இல்லாதபோது செயலி கண் மூடுகிறது.
மூடியபின் இன்னும் கீழே, இன்னும் கீழே,
ஒரு சொட்டு மின்சாரம் போதும் என்கிற ஆழத்துக்கு.
அவ்வளவு மெல்லிய சொட்டை
நடுங்காமல் ஊற்றத் தெரியவில்லை
பதினோரு வருடப் பழைய மின்பெட்டிக்கு.
இறங்கியது ஏற முடியாமல்
அங்கேயே நின்றுவிடுகிறது.

மின்பெட்டியை மாற்றலாம்.
ரெய்க்யவிக்கிலிருந்து வர வேண்டும்,
விமானம் காற்று நிற்கக் காத்திருக்கிறது.
அமைப்புப் பட்டியலில் ஆறு படி இறங்கி
ஒரே ஒரு வரியைத் திருத்தினேன்:
ஆழ்ந்து உறங்க வேண்டாம்,
கோழித்தூக்கம் போதும்.

என்ன செய்தாய், பில்லில் என்ன எழுதட்டும்?
உள்ளதைச் சொன்னேன்.
இதற்கா இவ்வளவு காசு என்றாள்.

ஒன்பது நாள் கழித்து,
மலை விளிம்பில் சூரியன் திரும்பிய அன்று
ஊரே அப்பம் சுட்டுக் காபி குடிக்கிறது.
எட்டிப் பார்த்தேன். கணினி உயிரோடு இருக்கிறது.
மவுஸ் இன்னும் கடிகாரத்தின் மேல்.
ஹல்பெரா, அதை எடுத்தால்தானே
நான் சரிசெய்தேனா என்று தெரியும்?
தெரிந்து என்ன ஆகப்போகிறது என்றாள்,
ஜாம் ஒட்டிய விரலோடு.

பிறகு என்ன நினைத்தாளோ,
உருவி எடுத்துக் கையில் கட்டிக்கொண்டாள்.
இரண்டு பேரும் உட்கார்ந்தோம்.
மேசையில் ஒரு கீற்று வெயில்,
அதில் நகராத மவுஸ்.
11:08.
11:08.
என் கை மடியில் துடிக்கிறது.
அவள் தட்டை என் பக்கம் தள்ளினாள்:
அதைத் தொடாதே,
இதைச் சாப்பிடு.